வீட்டுச் சர்வரில் சில ஃபோல்டர்களை மட்டும் வெளியாருக்கு மூடுவது

கேள்வி: பெங்களூர் பானஸ்வாடி வாசகர், 12 ஜூலை 2025, மாலை

பழைய லேப்டாப் ஒன்றில் உபுண்டு லினக்ஸும் அப்பாச்சி என்ற வெப் சர்வர் நிரலும் நிறுவி வீட்டிலேயே ஒரு சர்வர் நடத்துகிறேன். அதில் மூன்று ஃபோல்டர்கள் உள்ளன. ஒன்றில் அக்காவின் கல்யாணப் படங்கள். கும்பகோணத்தில் இருக்கும் பெரியம்மா வரை எல்லாரும் பார்க்க வேண்டியவை. மற்ற இரண்டில் வீட்டுப் பத்திரம், கட்டா என்ற சொத்துப் பதிவு, வில்லங்கச் சான்று, ஆதார் ஆகியவற்றின் ஸ்கேன்கள். இவை வீட்டு வைஃபையில் மட்டுமே திறக்க வேண்டும். 'எல்லாரையும் மறு, 192.168.1 என்று தொடங்குபவரை அனுமதி' என்ற பொருளில் டாட் எச்டிஅக்சஸ் (.htaccess) என்ற விதிக் கோப்பு ஒன்றை எழுதி இரண்டு ஃபோல்டர்களிலும் வைத்தேன். வைட்ஃபீல்டு அலுவலகத்திலிருந்து திறந்தால் பத்திரம் முழுதாகத் தெரிகிறது. கோப்பின் பெயரை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். அப்பாச்சியில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

12 ஜூலை 2025, இரவு

அப்பாச்சியில் கோளாறு இல்லை. உங்கள் கோப்பை அது படிக்கவே இல்லை. எந்த ஃபோல்டரில் டாட் எச்டிஅக்சஸ் செல்லும் என்பதை 'அலவ் ஓவர்ரைடு' என்ற வரி முடிவு செய்கிறது, 2.4 பதிப்பிலிருந்து அதன் இயல்பு மதிப்பு 'நன்', அதாவது எங்கும் செல்லாது. உபுண்டுவின் அமைப்புக் கோப்பிலும் இணையக் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். படிக்காத கோப்பைப் பற்றி அப்பாச்சி எந்த எச்சரிக்கையும் தராது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். அந்தக் கோப்பின் முதல் வரியில் பொருளற்ற ஒரு சொல்லை எழுதுங்கள். 'கத்தரிக்காய்' என்றுகூட எழுதலாம். பக்கம் 500 என்ற பிழையோடு நின்றால் அப்பாச்சி கோப்பைப் படிக்கிறது என்று பொருள். பக்கம் வழக்கம்போலத் திறந்தால் உங்கள் கத்தரிக்காயை யாரும் பார்க்கவில்லை.

சர்வர் உங்களுடையதாகவே இருக்கும்போது டாட் எச்டிஅக்சஸ் தேவையே இல்லை. மற்றவரின் சர்வரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு, முதன்மை அமைப்புக் கோப்பைத் தொட முடியாதவர்களுக்கு ஏற்பட்ட வசதி அது. நீங்கள் முதன்மை அமைப்பிலேயே அந்த ஃபோல்டருக்கு ஒரு 'டைரக்டரி' பகுதி திறந்து, உள்ளே 'ரெக்வயர் ஐபி 192.168.1' என்று எழுதினால் போதும். 'ஆர்டர், அலவ், டினை' என்று நீங்கள் எழுதியது 2012இல் 2.4 வருவதற்கு முந்தைய நடை. பொருத்தத்துக்காக அதை இன்னும் வைத்திருக்கிறார்கள் என்றாலும், பழையதையும் புதியதையும் ஒரே இடத்தில் கலந்தால் விளைவை ஊகிப்பது கடினம்.

13 ஜூலை 2025

இரண்டு விடுபடல்கள். முதன்மை அமைப்பைத் திருத்தினால் அப்பாச்சியை ரீலோட் செய்ய வேண்டும். டாட் எச்டிஅக்சஸ் அப்படியல்ல, ஒவ்வொரு கோரிக்கையின்போதும் புதிதாகப் படிக்கப்படும். இரண்டாவதாக, வெளியிலிருந்து சோதிக்க வைட்ஃபீல்டு வரை போக வேண்டியதில்லை. கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அணைக்க மறந்து, வீட்டுக்குள்ளிருந்தே சோதித்து, வேலை முடிந்தது என்று நான் தூங்கப்போன இரவும் உண்டு.

15 ஜூலை 2025

புதிய முறையில் எழுதிய பிறகும் அலுவலகத்தில் திறக்கிறது என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பகுதியைப் பார்த்தேன். 'ரெக்வயர் ஐபி 192.168.1' என்ற வரிக்கு மேலே 'ரெக்வயர் ஆல் கிராண்டட்' என்ற வரியும் இருக்கிறது. வேறு இடத்திலிருந்து பகுதியை நகலெடுத்தபோது சேர்ந்து வந்திருக்கும்.

அடுக்கடுக்காக 'ரெக்வயர்' வரிகளை எழுதினால் எல்லாம் நிறைவேற வேண்டும் என்றுதான் நாம் படிக்கிறோம். அப்பாச்சியோ, வேறு எதுவும் சொல்லப்படாதவரை, அவற்றில் ஒன்று நிறைவேறினால் போதும் என்று எடுத்துக்கொள்கிறது. அடுக்குமாடி வாசலில் இருக்கும் வாட்ச்மேனிடம் செயலாளர் 'குடியிருப்பவரை மட்டும் விடு' என்கிறார், பொருளாளர் 'யார் வந்தாலும் விடு' என்கிறார். நம் வாட்ச்மேன் வந்தவருக்கு எந்த உத்தரவு சாதகமோ அதைக் கடைப்பிடிக்கிறார். முதல் வரியை நீக்குங்கள்.

இதே இயல்பில் இன்னொரு பொறி உண்டு. மேல் ஃபோல்டரில் நீங்கள் எழுதிய தடை, உள் ஃபோல்டருக்கென்று தனி விதி இல்லாத வரையில்தான் அதற்கும் செல்லும். உள்ளே ஒரு விதி எழுதப்பட்டால் மேலுள்ளதோடு அது சேர்வதில்லை, மேலுள்ளதை அகற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இறக்கி நிறுவும் செயலிகள் சில தமக்கென்று ஒரு டாட் எச்டிஅக்சஸ் கோப்பைக் கொண்டுவருகின்றன. 'அலவ் ஓவர்ரைடு' 'நன்' என்றே இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

20 ஜூலை 2025

இதுவரை நான் எழுதியதெல்லாம் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: வீட்டுக்குள்ளிருந்து வருபவர் 192.168 என்று தொடங்கும் முகவரியோடு வருவார், வெளியிலிருந்து வருபவர் அப்படி வர மாட்டார். 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் தனியார் வலைகளுக்கென்று மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது. 10இல் தொடங்குவது ஒன்று, 172.16 முதல் 172.31 வரை ஒன்று, 192.168இல் தொடங்குவது ஒன்று. இணையத்தில் இவை பயணம் செய்வதில்லை. ஆகவே நம்பிக்கை நியாயமானதே. ஆனாலும் என் வீட்டில் அது உடைந்தது.

அல்சூரில் என் வீட்டுச் சர்வரின் லாக் கோப்பை, அதாவது யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு எதற்காகவோ திறந்தேன். விடியற்காலை 3 மணி 12 நிமிடத்துக்கு யாரோ வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கத்தைக் கேட்டிருந்தார்கள். என் சர்வரில் வேர்ட்பிரஸ் இல்லை என்பதால் 'அப்படியொரு பக்கம் இல்லை' என்னும் 404 போயிருந்தது. அதில் வியப்பில்லை, இணையத்தில் இருக்கும் எந்தச் சர்வரையும் இந்த ரோபோக்கள் தட்டிப் பார்க்கும். கேட்டவரின் முகவரிதான் என்னை எழுந்து உட்கார வைத்தது: 192.168.1.1. அது என் ரவுட்டர். அந்த நேரத்தில் வீட்டில் எல்லாரும் உறக்கத்தில் இருந்தோம். ரவுட்டர் மட்டும் விழித்திருந்து வேர்ட்பிரஸ் தேடியிருக்கிறது. மேலே மேலே புரட்டினேன். வெளியிலிருந்து வந்த கோரிக்கைகள் அத்தனையும் அதே முகவரியில் பதிவாகியிருந்தன.

காரணம் பின்னர் புரிந்தது. வீட்டுக்குள் இருந்துகொண்டே சர்வரின் வெளிப்பெயரைச் சொல்லித் திறந்தால், அந்த இணைப்பு ரவுட்டர் வரை போய் மறுபடி உள்ளே திரும்ப வேண்டும். பதிலும் அதே வழியில் வர வேண்டும் என்பதற்காக ரவுட்டர், அனுப்பியவர் முகவரி இருக்கும் இடத்தில் தன் முகவரியை எழுதிவிடுகிறது. வீட்டுக்குள்ளிருந்து போன இணைப்புக்கு மட்டும் இதைச் செய்தால் கேடில்லை. என் ரவுட்டர் போர்ட் ஃபார்வர்டிங் வழியாக, அதாவது வெளியிலிருந்து வருபவரைச் சர்வருக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாட்டின் வழியாக, உள்ளே வரும் எல்லா இணைப்புக்கும் இதையே செய்தது. 'வீட்டார் மட்டும்' என்று நான் எழுதிய விதி எத்தனை மாதம் ஊரார் எல்லாரையும் வீட்டார் ஆக்கி வைத்திருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த ஃபோல்டரில் என் மனைவியின் மருத்துவ அறிக்கைகள் இருந்தன.

உடனடியாகச் செய்யக்கூடியது, உள்ளே இருக்கும் வரிகள் எல்லாமே நிறைவேற வேண்டும் என்னும் 'ரெக்வயர் ஆல்' என்ற கூட்டுக்குள் 'ரெக்வயர் ஐபி 192.168.1' என்பதோடு 'ரெக்வயர் நாட் ஐபி 192.168.1.1' என்பதையும் எழுதுவது. நான் அதோடு நிற்கவில்லை, எஸ்.பி. ரோடு போய் வேறு ரவுட்டர் வாங்கிவந்தேன். உங்கள் லாக் கோப்பை இன்றே திறந்து, மொபைல் டேட்டாவில் நீங்கள் செய்த சோதனை எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

21 ஜூலை 2025

வெளியார் கோரிக்கைகளைக் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வழியாகச் சர்வருக்குக் கொண்டுவரும் கிளவுட்ஃபிளேர் டனல் வைத்திருப்பவர் ஒருவர், தனக்கு இந்தத் தொல்லை இல்லை என்கிறார். அவருக்குத் தொல்லை அதிகம். அந்த நிரல் சர்வர் இருக்கும் கணினியிலேயே ஓடினால், உலகில் யார் வந்தாலும் அப்பாச்சியின் கண்ணுக்கு 127.0.0.1 ஆகவே, அதாவது அதே கணினியாகவே தெரிவார். அதே கணினியிலிருந்து வருபவரை மட்டும் விடச் சொல்லும் 'ரெக்வயர் லோக்கல்' என்ற விதி எல்லாருக்கும் கதவைத் திறக்கும். உண்மையான முகவரி கோரிக்கையின் தலைப்பு வரி ஒன்றில் வரும். அதை 'ரிமோட்ஐபி' என்ற மாட்யூல் எடுத்துத் தரும். ஆனால் தலைப்பு வரியை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம் என்பதால், நம் டனல் வழியாக வந்ததை மட்டும் நம்பும்படி அமைக்க வேண்டும்.

3 ஆகஸ்ட் 2025

பானஸ்வாடியிலிருந்து இப்போது நேர்மாறான புகார். வெளியார் யாருக்கும் திறக்கவில்லை. வீட்டு வைஃபையில் இருக்கும் அவருடைய கைபேசிக்கும் திறக்கவில்லை, 'அனுமதி இல்லை' என்னும் 403 வருகிறது. லேப்டாப்பில் மட்டும் திறக்கிறது. லாக் கோப்பிலிருந்து அவர் அனுப்பிய வரியில் 2 என்ற எண்ணில் தொடங்கி, முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நீண்ட முகவரி இருந்தது.

அது ஐபிவி6, நாம் இதுவரை பேசிய 192.168 போன்ற பழைய வகை முகவரிக்கு (ஐபிவி4) அடுத்து வந்த புதிய வகை. சர்வரின் வெளிப்பெயருக்கு அவ்வப்போது மாறும் முகவரியைப் பதியும் அவருடைய டைனமிக் டிஎன்எஸ் நிரல் பழைய முகவரியையும் ஐபிவி6 முகவரியையும் சேர்த்தே பதிந்திருக்கிறது. கைபேசி இரண்டில் புதியதைத் தேர்ந்துகொள்கிறது. ஐபிவி6இல் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான முகவரி கிடைப்பதால், 192.168 என்ற அடையாளம் அங்கே இல்லை. அவர் வீட்டின் முன்னொட்டை, அதாவது முகவரியின் முதல் 64 பிட்டுகளை, விதியில் சேர்க்கலாம் என்று முதலில் எழுத நினைத்தேன். என் வீட்டில் அதைச் செய்து பார்த்திருக்கிறேன்: மின்வெட்டு முடிந்து ரவுட்டர் மீண்டும் எழுந்தபோது முன்னொட்டு மாறிவிட்டது, விதி அநாதையாக நின்றது. ஆகவே எழுதவில்லை.

இதைவிடக் கவலைக்குரியது வேறு. போர்ட் ஃபார்வர்டிங் செய்தால்தான் வெளியார் உள்ளே வர முடியும் என்பது பழைய முகவரிக்குப் பொருந்தும். ஐபிவி6இல் அந்தத் தடுப்பு இயல்பாக இல்லை, ரவுட்டரின் ஃபயர்வால் ஒன்றே தடுப்பு. அது மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

4 ஆகஸ்ட் 2025

நேற்று எழுதிய பிறகு யோசித்தேன். ஒருவர் எங்கிருந்து வருகிறார் என்பதை வைத்தே நாம் இத்தனை நாளும் கதவு அமைத்துக்கொண்டிருக்கிறோம். பத்திரத்துக்கு அது போதாது, கடவுச்சொல்லும் வேண்டும். வீட்டில் கேட்காமலும் வெளியில் கேட்டும் திறக்க விரும்பினால், 'ரெக்வயர் எனி' கூட்டுக்குள் ஐபி வரியையும் 'ரெக்வயர் வேலிட் யூசர்' வரியையும் வைக்கலாம். பத்திர ஃபோல்டருக்கு நான் 'ரெக்வயர் ஆல்' என்றே வைத்திருக்கிறேன்.

கடவுச்சொல் கோப்பை உண்டாக்கும் கருவி எச்டிபாஸ்டபிள்யூடி. அதில் '-சி' என்று கொடுத்தால் புதிய கோப்பு உண்டாகும். அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் கேள்வி கேட்காமல் அழித்துவிட்டு உண்டாகும். என் பெயரைச் சேர்த்துவிட்டு, அதே கட்டளையை மேல் அம்புக்குறியால் வரவழைத்து, பெயரை மட்டும் மாற்றி மனைவியின் பெயரைச் சேர்த்தேன். என் பெயர் போய்விட்டது. அவருக்குத் திறந்தது, எனக்குத் திறக்கவில்லை; வீட்டில் அதிகாரம் யாரிடம் என்பதைச் சர்வர் தானாகக் கண்டுகொண்டது என்று அவர் சொன்னார். பெரிய 'பி' கொடுத்தால் கடவுச்சொல் பிகிரிப்ட் என்ற, எளிதில் உடைக்க முடியாத முறையில் சேமிக்கப்படும். சிறிய 'பி' முற்றிலும் வேறு: கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுத வைக்கும், அது ஷெல் வரலாற்றில் தங்கிவிடும்.

கடவுச்சொல் கோப்பை இணையத்தில் தெரியும் ஃபோல்டருக்கு வெளியே வைக்க வேண்டும். இந்த முறையில் பெயரும் கடவுச்சொல்லும் பேஸ்64 என்ற எழுத்துமாற்றத்தில்தான் பயணம் செய்கின்றன. அது மறையாக்கம் அன்று, யாரும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். எச்டிடிபிஎஸ் இல்லாமல் இதைச் செய்வது அஞ்சலட்டையில் கடவுச்சொல்லை எழுதி அனுப்புவது போன்றது.

10 ஆகஸ்ட் 2025

ரோபாட்ஸ் டெக்ஸ்ட் கோப்பில் அந்த ஃபோல்டரின் பெயரைப் போட்டு 'வராதே' என்று எழுதினால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1994இல் தேடல் ரோபோக்களுக்கான வேண்டுகோளாகத் தோன்றிய வழக்கம் அது. 2022இல்தான் ஆர்எஃப்சி 9309 ஆயிற்று. அது அனுமதிக் கட்டுப்பாடு அன்று என்று அந்த ஆவணமே சொல்கிறது. கண்ணியமான ரோபோ விலகிப்போகும். திருட வந்தவருக்கு, பீரோ எந்த அறையில் இருக்கிறது என்று வாசலில் எழுதி ஒட்டியது போலாகும்.

யாரும் ஊகிக்க முடியாத பெயர் வைப்பேன் என்று இன்னொருவர் சொல்கிறார். நானும் ஒரு தனித் துணைப்பெயர் (சப்டொமைன்) வைத்து, யாரிடமும் சொல்லாமல், எச்டிடிபிஎஸுக்காக அதற்கு லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ் வாங்கினேன். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் முன்பின் தெரியாதவர்கள் அதே பெயரைச் சொல்லித் தட்டத் தொடங்கியிருந்தார்கள். வெளியிடப்படும் சான்றிதழ்கள் யாரும் படிக்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. துணைப்பெயருக்குத்தான் இப்படி, ஃபோல்டர் பெயர் சான்றிதழில் வராது என்று வாதிடலாம். உபுண்டுவின் இயல்பு அமைப்பில் 'இண்டெக்ஸஸ்' திறந்திருப்பதால், முகப்புப் பக்கம் இல்லாத ஃபோல்டரைத் திறந்தாலே உள்ளே இருப்பவற்றின் பட்டியலை அப்பாச்சி அடுக்கிக் காட்டும். முதலில் அதை மூடுங்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவி '.git' என்ற ஃபோல்டரை உண்டாக்குவதால், அதைப் பயன்படுத்துபவர்கள் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் அனைத்தையும் மூடும் விதி ஒன்றையும் சேர்ப்பது நல்லது. நானும் இன்று சேர்த்தேன்.

24 ஆகஸ்ட் 2025

அப்பாச்சிக்குப் பதிலாக என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு. அது டாட் எச்டிஅக்சஸைக் கண்டுகொள்வதே இல்லை. அங்கே 'லொகேஷன்' பகுதிக்குள் 'அலவ்', 'டினை' என்று எழுத வேண்டும். ஆனால் பதிலைத் தீர்மானிப்பது ஒரே ஒரு லொகேஷன் பகுதிதான். வேகத்துக்காகப் படங்களுக்கென்று, பெயரின் அமைப்பை வைத்துப் பொருத்தும் ஒழுங்குக்கோவையில் (ரெகெக்ஸ்) ஒரு பகுதி எழுதுவது வழக்கம். பாதையால் எழுதிய சாதாரணப் பகுதியைவிட அதற்கே முன்னுரிமை. ஆகவே பத்திர ஃபோல்டரின் முகவரியை அடித்தால் 403 வரும், நிம்மதியாக இருக்கும். அதே ஃபோல்டருக்குள் இருக்கும் ஜேபெக் படத்தின் முழு முகவரியை அடித்தால் படம் வந்துவிடும். ஸ்கேன்கள் எல்லாம் ஜேபெக்தானே? பாதைக்கு முன்னால் ^~ என்ற குறியைச் சேர்த்தால் ஒழுங்குக்கோவைப் பகுதிகளைத் தேடாமல் நின்றுவிடும்.

இந்தச் சோதனையை அப்பாச்சிக்காரர்களும் செய்யலாம். ஃபோல்டரைத் தட்டிப் பார்த்தால் போதாது, உள்ளே இருக்கும் ஒரு கோப்பைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

19 செப்டம்பர் 2025

ஆகஸ்ட் 10ஆம் தேதிக் குறிப்பைப் படித்துப் புள்ளி ஃபோல்டர்களை மூடியவர்கள் உடனே இதைப் படிக்கவும்.

இன்று காலை என் சர்வரைத் திறந்தால் பிரவுசர் சிவப்புப் பக்கம் காட்டியது. சான்றிதழ் நேற்றோடு காலாவதி. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளுக்கானது. என்னுடையது ஜூன் 20இல் வாங்கியது. புதுப்பிக்கும்போது, இந்தப் பெயர் நம்முடையதுதான் என்பதற்குச் சான்றாக ஒரு கோப்பை 'டாட் வெல்நோன்' என்ற ஃபோல்டருக்குள் வைக்க வேண்டும். வெளியிலிருந்து வந்து அதைப் படித்துப் பார்ப்பார்கள். பெயரே புள்ளியில் தொடங்குகிறது. நான் எழுதிய விதி அவர்களை 403 என்று திருப்பி அனுப்பியிருக்கிறது, ஒருமுறை அல்ல, ஒரு மாதமாக நாளுக்கு இருமுறை. முன்பெல்லாம் காலாவதி நெருங்கினால் அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வரும். இவ்வாண்டு ஜூன் 4ஆம் தேதியோடு அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள் என்பதைப் படித்தும் மறந்திருந்தேன். 'டாட் வெல்நோன்' ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுத்துப் புதுப்பித்துவிட்டேன்.

5 அக்டோபர் 2025

பத்திரங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் வெப் சர்வரிலிருந்தே எடுத்துவிட்டேன். மூன்று மாதமாக மற்றவருக்கு விதி எழுதச் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்படிச் செய்வது முரண்தான். வீட்டில் இரண்டு பேர் வருடத்துக்கு நான்கு முறை திறக்கும் கோப்பு, இரவு பகலாக உலகம் தட்டும் கதவின் பின்னால் ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது அவை வயர்கார்டு என்ற விபிஎன் (சாவி உள்ள கருவிகளை மட்டும் இணைக்கும் தனி வலை) வழியாக மட்டும் கிடைக்கும். 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பிலிருந்து அது லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. திறப்பது ஒரே ஒரு யுடிபி போர்ட். சரியான சாவியில்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்லாது, 403 என்றுகூட. இருக்கிறது, ஆனால் உனக்கில்லை என்று சொல்வதும் ஒரு தகவல்தான்.

கல்யாணப் படங்கள் போன்றவற்றுக்கு மேலே எழுதியவை அப்படியே பொருந்தும்.

12 அக்டோபர் 2025

பானஸ்வாடிக்காரர் ஹொரமாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். புது வீட்டில் புது இணைய இணைப்பு. எல்லா விதியும் சரியாக இருந்தும், வெளியிலிருந்து எந்த ஃபோல்டரும் திறக்கவில்லை, கல்யாணப் படங்கள் உட்பட. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைக் கேட்டேன். 100.72 என்று தொடங்கியது.

100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியை 2012இல் ஆர்எஃப்சி 6598, இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக ஒதுக்கியது. அந்த முகவரியில் இருப்பவர் வெளியே போகலாம். வெளியிலிருந்து அவரைத் தேடி யாரும் வர முடியாது, அவருடைய ரவுட்டரில் என்ன போர்ட் திறந்தாலும் பயனில்லை. ஜூலையில் அவர் கேட்டது இப்போது ஒரு வரி எழுதாமலே கிடைத்துவிட்டது.

நிலையான பொது முகவரிக்கு மாதக் கட்டணம் கேட்கிறார்களாம், அவர் மறுத்துவிட்டார். தன் கருவிகளை மட்டும் இணைக்கும் தனி வலையான டெயில்ஸ்கேல் நிறுவிக்கொண்டார், அதுவும் இதே 100.64 தொகுதியிலிருந்துதான் முகவரி கொடுக்கிறது என்பதால், விதியில் தொகுதி முழுவதையும் எழுதாமல் தன் கருவிகளின் முகவரிகளை மட்டும் எழுதும்படி சொல்லியிருக்கிறேன். கும்பகோணத்துப் பெரியம்மாவிடம் டெயில்ஸ்கேல் நிறுவச் சொல்ல முடியாது. கல்யாணப் படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு, வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஊருக்குப் போன சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.